செம்மண்அள்ளிச் சந்தையில் சிவந்த கண்கள்

மழை வந்தால் ஒன்று நனைய வேண்டும், இல்லாவிட்டால் ஓட வேண்டும். மாதம்மாள் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தாள்...

ஒரு கையில் களிமண்ணால் செய்த குட்டி அடுப்பு. அதன்மேல் அவளுடைய முந்தானை. தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். சுடாத மண் அடுப்பு நனைந்தால் குழைந்துவிடும் அல்லவா? அதனால் கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அடுப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சந்தைக் கொட்டகையை நோக்கி ஓடினாள்.

அவள் கிராம சேவிகா. சொந்த ஊர் மொரப்பூர். புகை வராத அடுப்பு போடுவது எப்படி என்று ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுக்குச் சர்க்கார் கொடுத்த வேலை. செம்மண்அள்ளிக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சந்தைக்கு வந்த பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்து, "இதோ பாருங்க, புகை இந்த வழியா மேல போயிடும்..." என்று ஆரம்பித்த நேரம் பார்த்துத்தானா இந்த ஆடி மாத மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து தொலைய வேண்டும்!

கொட்டகைக்குள் ஆடு, கோழி, சாமை மூட்டை, மனிதர்கள் எல்லாம் ஒன்றாக நெருக்கியடித்தன. மாது (அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்) இடம் தேடிக் கடைசித் தூண் ஓரம் ஒதுங்கினாள். அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

இளைஞன். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் விறைப்பான தொப்பி, கையில் தடி. தூணோடு தூணாக நிமிர்ந்து நின்றான். கண்கள் மூடியிருந்தன.

சாமி கும்பிடுகிறாரோ?

மாது பார்த்தாள். பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் பார்த்தாள். இமைகளில் மழைத்துளி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை... என்று நினைத்தவுடனே அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அய்யோ, என் ஆடு! என் ஆட்டைப் புடிச்சுக்கிட்டு ஓடறானே!"

வத்தல்மலையிலிருந்து ஆடு விற்க வந்த ஒரு பெண் கத்தினாள். லுங்கி கட்டிய ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடுவது தெரிந்தது. ஆடும் அவனும் சேறும் சகதியுமாக மறைந்துகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க! போலீஸ்காரரே! புடிங்க, புடிங்க!" என்றாள் மாது.

போலீஸ்காரர் அசையவில்லை.

"உங்களைத்தானுங்க! காது கேக்கலைங்களா?"

பொறுமை போய்விட்டது. அவன் முழங்கையை விரலால் ஒரு குத்துக் குத்தினாள். கண்கள் திறந்தன...

அம்மாடி! என்ன சிவப்பு! மிளகாய் அரைத்துப் பூசினது போல இரண்டு கண்கள். அந்தச் சிவப்புக்குள்ளிருந்து ஒரு பார்வை, எங்கோ வழி தவறி வந்த குழந்தையின் பார்வை, நேராக அவள் முகத்தில் வந்து நின்றது. மாதுவுக்கு என்னவோ செய்தது. ஆடு, மழை, கூச்சல் எல்லாம் ஒரு கணம் தூரத்துக்குப் போய்விட்டன.

மறுகணம் அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "கள்ளு... கள்ளு..." என்று முனகினான். ஒரு அடி எடுத்து வைத்தான். தள்ளாடினான். அவள் கையிலிருந்த அடுப்பின்மேல் முழு உடம்போடு சாய்ந்தான்.

அடுப்பு கீழே விழுந்து சுக்குநூறானது.

அவன் உடைந்த மண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எதுவும் புரியாதவனாக மழைக்குள் இறங்கி ஓடினான். அதுவும் திருடன் போன திசைக்கு நேர் எதிர்த் திசையில்!

"ஆளு நல்ல மப்புப்பா!" என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது.

மாதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் எரிந்தது. ஒரு சொட்டுக் கள் குடித்தாலும் குற்றம் என்று சட்டம் இருக்கும்போது, குடித்தவனைப் பிடிக்க வேண்டியவரே குடித்துவிட்டு நிற்பதா? அதுவும் இந்தக் கண்களை வைத்துக்கொண்டா?

கண்களைப் பற்றி ஏன் நினைத்தோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கோபமாக இருக்கும்போது யார் அதையெல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள்?

---

செம்மண்அள்ளிக்குப் போலீஸ் மேல் ஏற்கனவே மனத்தாங்கல். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தஸ்தகீர் சாயபுவின் கடைப் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். ஆள் அனுப்பியும் போலீஸ் வந்து சேர்ந்தது மறுநாள் உச்சிப்பொழுதில். "செம்மண்அள்ளியில் போலீஸ் இருக்கிறதா?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டு எழுதிவிட்டார். ஆட்டுத் திருட்டும் அதோடு சேர்ந்துகொள்ள, ஜனங்களின் குறையை நேரில் கேட்கிறேன் என்று டி.எஸ்.பி.யே பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஊரே கூடியிருந்தது. ஆளாளுக்கு "கூப்பிட்டா வர்றதில்லைங்க", "ராத்திரி ரோந்து இல்லைங்க" என்று பொதுவாகப் புலம்பினார்கள்.

டி.எஸ்.பி. தெற்கத்திக்காரர். சட்டென்று கேட்டார்: "பொதுவாப் பேசாதீங்க. தப்புப் பண்ணின போலீஸ்காரனைக் கண்ணால பாத்தவங்க யாராவது உண்டா?"

கூட்டம் கப்சிப். வாசலில் நிற்கும் போலீஸ்காரனை வைத்துக்கொண்டே யார் வாயைத் திறப்பார்கள்?

மாது எழுந்தாள்.

"நான் பார்த்தேனுங்க. சந்தையன்னிக்கு டூட்டியில இருந்தவரு கள்ளு குடிச்சிருந்தாருங்க. கண்ணெல்லாம் செவப்பு. நிக்க முடியாம தள்ளாடினாரு. ஆட்டைத் திருடிக்கிட்டுப் போறான்னு எழுப்பினா, வாயில வந்த பேச்சே கள்ளுதானுங்க."

"யாரு அது?"

வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே நின்றவன் அவன்தான். கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பன். இப்போது கண்கள் அவ்வளவு சிவப்பாக இல்லை. அவளைப் பார்த்தான்... அதில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"என்னப்பா, குடிச்சிருந்தியா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப ஏன் தள்ளாடின?"

கிருஷ்ணப்பன் பக்கத்தில் நின்ற ஏட்டு மாதையனைப் பார்த்தான். ஏட்டையா தரையைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் வாயை மூடிக்கொண்டான்.

டி.எஸ்.பி.க்கு முகம் கடுத்தது. "இன்னையிலிருந்து சஸ்பெண்ட். அடுத்த சந்தைக் கிழமை விசாரணை. இதே இடத்துல, இதே ஜனங்க முன்னால. குடிச்சது உறுதின்னா யூனிபார்மைக் கழட்டி வச்சிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

ஜனங்கள் கை தட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் குப்புராஜ், "பொம்பளைன்னா இப்படித்தான்யா இருக்கோணும்! இத்தனை மீசைக்காரங்க இருந்தும் ஒருத்தனுக்கும் வாய் வரலை பாரு!" என்று புகழ்ந்தார். மாதுவுக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும்.

குளிரவில்லை.

அவ்வளவு பக்கத்தில் நின்றாளே, கள் வாடை அடித்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஈரக் காக்கித் துணியின் வாடைதான் நினைவுக்கு வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வாடை இல்லாத கள்ளும் உண்டோ என்னவோ... என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை.

---

ஊரில் முதல் புகையில்லா அடுப்பு யார் வீட்டில் என்று கேட்டபோது, "எங்க வூட்ல போடு கண்ணு" என்று கூப்பிட்டவள் ஏட்டு மாதையனின் மனைவி குள்ளம்மாள். மாதர் சங்கத்தில் மாதுவின் ஒரே ஆதரவு. இவ்வளவு நடந்த பிறகு போலீஸ் லைனுக்குள் எந்த முகத்தோடு போவது என்று மாது தயங்கினாள். சொன்ன நாளில் போகாமலிருந்தால் அது இன்னும் கேவலம் என்று போனாள்.

குள்ளம்மாள் திட்டவில்லை. மோர் கொடுத்தாள். மாது மண்ணைக் குழைக்க ஆரம்பித்ததும் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"நீ பாத்ததைச் சொன்ன, உன்மேல குத்தமில்ல. ஆனா அந்தப் புள்ள குடிக்கலை கண்ணு. ஆடிப்பதினெட்டுக்கு ஒகேனக்கல்ல ஊருபட்ட சனம். அங்க பந்தோபஸ்துக்குன்னு இங்க இருந்தவங்களை எல்லாம் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. சப்-இன்ஸ்பெக்டரு நாற்காலியோ தை மாசத்துலேர்ந்து காலி. மிச்சம் எங்க வூட்டுக்காரரும் இவனும்தான். அவருக்கு ரத்தக்கொதிப்பு, சித்த நேரம் நின்னா தலை சுத்தி விழுந்துடறாரு. 'நீங்க படுங்க ஏட்டையா, நான் பாத்துக்கறேன்'னு ராத்திரி பாரா, பகல்ல ரோந்து, சந்தை எல்லாம் இவனே! நாலு ராத்திரி பொட்டுக் கண்ணு மூடலை. நின்னுக்கிட்டே தூங்கியிருக்கான்."

மாதுவின் கை மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க?"

"எப்படிச் சொல்லுவான்? தூங்கினதும் குத்தந்தானே. ஏன் தூங்கினேன்னு கேட்டா, ஏட்டு டூட்டி பாக்கலைன்னு வெளிய வரும். பென்ஷன் வாங்கப் போற மனுசனாச்சேன்னு வாயைக் கட்டிக்கிட்டான். இவரும் பயந்துக்கிட்டுப் பேசாம வந்துட்டாரு. வந்ததுலேர்ந்து சோறு எறங்கலை இவருக்கு."

"ஆனா... அவரே கள்ளு கள்ளுன்னு சொன்னாருங்களே. என் காதால கேட்டேனுங்க!"

"அதான் எனக்கும் புரியலை. கள்ளுன்னா கருப்பா செவப்பான்னு தெரியாத புள்ள..."

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. சாதாரண வேட்டி சட்டையில், தோளில் ஒரு கூடை செம்மண்ணோடு கிருஷ்ணப்பன்! மாதுவைப் பார்த்ததும் நின்றான். திரும்பிப் போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை.

"வாடா, ஏன் வாசல்ல பாரா நிக்கற? கொட்டு மண்ணை" என்றாள் குள்ளம்மாள். கொல்லையில் மாடு கத்தியதா, அவளே நினைத்துக்கொண்டாளா, தெரியாது. "கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு போல" என்று எழுந்து போய்விட்டாள்.

மாது மண்ணை அழுத்தி அழுத்திக் குழைத்தாள்...

"நீங்க எனக்கு மண்ணு சுமந்து குடுக்க வேணாங்க" என்றாள் மாது, நிமிராமல்.

"உங்களுக்கு இல்லைங்க சேவிகாம்மா. ஏட்டம்மாவுக்கு" என்றான் அவன். "சும்மா உக்காந்திருந்தா கை கால் மரத்துப் போகுதுங்க. வேலை இருந்தப்ப தூக்கம் இல்ல, இப்ப தூங்கச் சொல்லி வேலையைப் புடுங்கிட்டாங்க."

"கேலியா?"

"இல்லைங்க. நெசமாத்தான். மில்லுல வேலை செஞ்சா ஓவர்டைமுக்குக் காசு தருவாங்க. எங்களுக்கு ஓவர்டைமுன்னா, டைம் ஓவரா போகும்... அவ்ளோதான்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை.

"என்மேல கோவமே வரலைங்களா?"

அவன் யோசித்தான். "மொத நாள் வந்துச்சுங்க. நெறைய. அப்புறம் பாத்தா, நான் அன்னிக்கு என்ன செஞ்சேன், என்ன சொன்னேன்னு எனக்கே தெரியலை. நீங்க முழிச்சிருந்தீங்க, நான் தூங்கிட்டிருந்தேன். யாரு சொல்றதை நம்பறது?"

இப்படி ஒரு ஆளைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது? அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. குழைத்த மண்ணை விறுவிறுவென்று அடுப்பாகக் கட்டி, குழாயைச் செருகி, காய்வதற்குள்ளேயே விறகை வைத்துப் பற்றவைத்தாள். "அந்தக் குழாயைக் கொஞ்சம் புடிங்க, புகை போகுதான்னு பாக்கலாம்."

அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். புகை போனது. மேலே போகவில்லை. குழாய் சேரும் இடத்தில் பூசின மண் காயாமல் பிளந்துகொள்ள, அத்தனை புகையும் குபுக்கென்று அவன் முகத்தில்!

"அய்யய்யோ... கள்ளு! கள்ளு மண்டுதே!"

இரண்டு கைகளாலும் கண்களைத் தேய்த்துக்கொண்டு துள்ளினான்.

மாது அப்படியே நின்றாள்.

"என்னா... என்னா சொன்னீங்க?"

"கண்ணு எரியுதுங்க!"

"இல்ல... அதுக்கு முன்னாடி. கள்ளுன்னீங்க."

"ஆமாங்க. எங்க வூட்ல தெலுங்குங்க, ஓசூர்ப் பக்கம். கண்ணுங்களை நாங்க கள்ளுன்னுதான் சொல்லுவோம். மூச்சு முட்டற நேரத்துல தமிழ் எங்க வருது? எங்கம்மா சொல்ற பேச்சுதான் வாயில வருது..." அவன் தண்ணீர்ச் செம்பைத் தடவித் தேடினான். "ஏனுங்க, உங்க புகையில்லா அடுப்பு ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எரியும் கண்ணோடு பரிதாபமாக நின்றான்.

"அன்னிக்குக் கொட்டகையில நீங்க சொன்னது இதுதானுங்க..." விக்கலுக்கு நடுவே சொன்னாள். "கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு, கள்ளு கள்ளுன்னு... எனக்குத் தெலுங்கு தெரியாதுங்க. நான் மொரப்பூர்க்காரி..."

கிருஷ்ணப்பன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அப்ப என் வேலை போறது கள்ளால இல்ல. கண்ணால."

"போகாது. நான் சொல்றேன். ஊரு முன்னாடி சொன்னதை ஊரு முன்னாடியே மாத்திச் சொல்றேன்."

"வேணாங்க. ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கும். அன்னிக்குக் கை தட்டினவங்கதான் மொதல்ல சிரிப்பாங்க."

அவனுக்கு வேலை போகிற நேரம். அப்போதும் அவள் பெயர் கெடக்கூடாது என்று பார்க்கிறான்! மாதுவுக்கு நெஞ்சு நிறைந்து வலித்தது.

---

சொல்வது சுலபம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் தெரியும்.

குப்புராஜிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று போனாள். அவர் கெட்டவர் அல்ல. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"விட்டுடும்மா. சொன்னது சொன்னதா இருக்கட்டும். இந்த ஊர்ல ஒரு பொம்பளை எந்திரிச்சுப் பேசி, அதை ஆம்பளைங்க கேட்டது அன்னிக்குத்தான். நாளைக்கு நீயே தப்புன்னு சொல்லிட்டா, அப்புறம் நீ அடுப்பைப் பத்திச் சொன்னாக்கூட ஒருத்தன் கேக்க மாட்டான். உன் ஆபீசுலயும் வாய்க்கு வந்ததைச் சொல்ற பொண்ணுன்னு எழுதிடுவாங்க. யோசிச்சுக்க."

யோசித்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த மரியாதை வர அவள் எத்தனை வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள்! "கல்யாணமாகாத புள்ள, அடுப்பைப் பத்தி எங்களுக்குச் சொல்லித்தர வந்துடுச்சு" என்று எத்தனை பேர் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்! இப்போதுதான் உள்ளே கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அதை ஒரே வார்த்தையில் கொட்டிவிடுவதா?

ஆனால் அவனுடைய சோற்றை அவள் ஒரே வார்த்தையில் கொட்டியிருக்கிறாளே... அந்த நினைப்பு வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் யோசிக்கவில்லை.

---

சந்தைக் கிழமை. பஞ்சாயத்து ஆபீசில் நிற்க இடமில்லை. போலீஸ்காரனுக்குத் தண்டனை என்றால் பார்க்க வராமல் இருப்பார்களா? கிருஷ்ணப்பன் தொப்பி இல்லாமல் ஒரு மூலையில் நின்றான். அந்தத் தலையைப் பார்க்கவே மாதுவுக்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கம்மா, எழுதிக்கிடுதோம்" என்றார் டி.எஸ்.பி.

"ஐயா... போன வாரம் நான் சொன்னது தப்புங்க."

சலசலப்பு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குப்புராஜ் கூரையைப் பார்த்தார்.

"யாரும் மிரட்டினாங்களா?" டி.எஸ்.பி.யின் பார்வை ஏட்டின்மேல் போனது.

"யாரும் மிரட்டலைங்க. எனக்குத் தெலுங்கு தெரியாததுதானுங்க தப்பு." குரல் நடுங்கவில்லை. "அவரு கள்ளுன்னு சொன்னது நெசம். ஆனா அது குடிக்கற கள்ளு இல்லைங்க. அவங்க பாஷையில கண்ணுங்களுக்குக் கள்ளுன்னு பேருங்க. கண்ணு எரியுதுன்னு சொல்லியிருக்காரு. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அவரு மேல கள் வாடை அடிக்கலை. அதையும் நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லலைங்க."

டி.எஸ்.பி. நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்தார். "இங்க தெலுங்கு பேசுதவங்க யாரு?"

சந்தைக்கு வளையல் விற்க வந்த ஒரு அம்மாளைப் பின்னாலிருந்து முன்னே தள்ளிவிட்டார்கள். அவளுக்கு நடப்பது எதுவும் தெரியாது. ஏதோ குற்றத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வளையல் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். டி.எஸ்.பி. தன் இரண்டு கண்களையும் தொட்டுக் காட்டி, "இதுக்கு உங்க பாஷையில என்ன?" என்று கேட்டார்.

"அதுங்களா? கள்ளு, சாமி."

கொட்டியது பாருங்கள் சிரிப்பு! ஆபீஸ் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. டி.எஸ்.பி.யே மீசைக்குள் சிரித்துவிட்டார். மாது கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள்...

ஆனால் அவர் சிரிப்பை உடனே மடக்கிவிட்டார். "சரி, குடிக்கல. அப்ப டூட்டியில தூங்கியிருக்க. அப்படித்தான?"

"ஆமாங்கய்யா. தூங்கினேன்" என்றான் கிருஷ்ணப்பன்.

மாது கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். கரைக்கு வந்த படகு திரும்பவும் தண்ணீருக்குள் போகிறதே!

அப்போது ஏட்டு மாதையன் முன்னால் வந்தார். வந்து சல்யூட் அடித்தார்.

"அய்யா, அவன் எனக்குப் பதிலா நின்னவனுங்க. என் டூட்டியும் அவன்தான் பாத்தான். நாலு ராத்திரி. எனக்கு ஒடம்புக்கு ஆகலைன்னு மேல எழுதியிருக்கணும், எழுதினா பென்ஷனுக்கு முன்னாடியே அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேங்க. தண்டனைன்னா எனக்குக் குடுங்க."

"ஸ்டேஷன்ல மத்தவங்க?"

"ஒகேனக்கல் பந்தோபஸ்துங்க. நாங்க ரெண்டே பேருதாங்க இருந்தோம்."

தஸ்தகீர் சாயபு எழுந்தார். போலீஸ் எங்கே என்று ஊரிலேயே அதிகமாகக் கத்தியவர் அவர்தான். "ரெண்டே பேருங்களா? இத்தனை ஊருக்குமா? அய்யா, என் கடையில துணி மடிக்கவே நாலு பேரு வெச்சிருக்கேன்! போலீஸ் வரலை வரலைன்னு இந்தப் புள்ளையைத்தான் நாங்க திட்டினோம். ஆளே இல்லைன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலையே. சொல்லியிருந்தா உங்ககிட்ட இல்லைங்களா வந்து கேட்டிருப்போம்?"

"நான் ஸ்டேஷன்ல போயி அழுததும், என் ஆட்டை அன்னிக்கு சாயங்காலமே பாப்பாரப்பட்டி ரோட்டுல மடக்கிப் புடிச்சாந்து குடுத்தது இந்தத் தம்பிதானுங்க" என்று கூட்டத்திலிருந்து வத்தல்மலைக்காரியின் குரல் வந்தது. "என்னை யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

டி.எஸ்.பி. எழுதின காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். ஊர்க்காரர்கள் முதல் தடவையாகப் போலீஸ்காரனுக்காகக் கோபப்படுவதைப் பார்க்க அவருக்கே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்தார்.

"சஸ்பெண்ட் ரத்து. தூங்கினதுக்கு எச்சரிக்கை, அது உண்டு. ஏட்டு ஆஸ்பத்திரியில உடம்பைக் காட்டணும், அப்புறம் உக்காந்து பாக்குற வேலைதான். பென்ஷன் எங்கயும் ஓடிப்போகாது. ராத்திரி பாரா நின்னவன் மறுநாள் பகல்ல டூட்டி பாக்கக் கூடாது. ஆள் பத்தாட்டி எனக்குப் போன் பண்ணுங்க, நான் அனுப்புதேன். அனுப்பலைன்னா..." தஸ்தகீரைப் பார்த்தார். "சாயபு வந்து என்னைக் கேக்கட்டும்."

அப்புறம் கிருஷ்ணப்பனைப் பார்த்து அதட்டினார்: "இன்னும் ஏம்ல நிக்க? போய்த் தூங்கு!"

கூட்டம் ஓவென்று சிரித்துக் கை தட்டியது. ஏட்டையா வேட்டியில் மூக்கைச் சிந்தும் அவசரத்தில் தாம் போலீஸ் உடுப்பில் இருப்பதையே மறந்து இடுப்பைத் தடவினார். குள்ளம்மாள் சந்தடி சாக்கில் மாதுவின் கன்னத்தைக் கிள்ளினாள். குப்புராஜ் பக்கத்தில் வந்து, "நான் சொன்னதைக் கேக்காம விட்டியே, அதுவும் நல்லதுக்குத்தான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மாது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றாள். இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் போய்விட்டது. மூச்சு எவ்வளவு சுலபமாக வருகிறது! அழுகையும் சுலபமாகவே வந்தது.

---

அடுத்த வாரம் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சந்தையில் இரண்டு போலீஸ்காரர்கள் நடமாட, மிளகாய் விற்பவர்களுக்கே பெருமையாக இருந்தது.

மாது ஏரியூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். தூறல். குடையை விரிக்கலாமா வேண்டாமா என்கிற தூறல்...

"அடுப்பு போடப் போறீங்களா?"

திரும்பினாள். கிருஷ்ணப்பன். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. ராத்திரி பாரா நின்றவனுக்குப் பகலில் ஓய்வு என்று புதிய உத்தரவு!

"தூங்காம இங்க என்னங்க பண்றீங்க?"

"தூங்கியாச்சுங்க. அன்னிக்குப் படுத்தவன் மறுநாள் சாயங்காலம்தான் எந்திரிச்சேன். ஏட்டம்மா ரெண்டு தரம் வந்து மூக்குல வெரலை வெச்சுப் பாத்தாங்களாம்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்காமல் அவள் சிரிப்பதைப் பார்த்தான். கண்கள் வெளுத்து, தெளிந்து, பளிச்சென்று இருந்தன. அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லலாம்னு..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லாதீங்க!" என்றாள் வெடுக்கென்று. "நீங்க நன்றி சொன்னா எனக்குத் தாங்காது. அன்னிக்கு ஊரு முன்னாடி எல்லாம் சொன்னேன். ஒண்ணு மட்டும் சொல்லலை."

"என்னங்க?"

பஸ் வரும் சத்தம் தூரத்தில் கேட்டது. வரட்டும். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"யாரோ ஒரு போலீஸ்காரரு குடிச்சா எனக்கென்னங்க? ஆடு போச்சேன்னோ, அடுப்பு ஒடைஞ்சுதேன்னோ நான் எந்திரிச்சுப் பேசலை. நீங்க கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தீங்க. அந்த நிமிஷமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. அடுத்த நிமிஷமே, இவரு குடிகாரரான்னு... அதைத்தான் என்னால தாங்க முடியலை. அந்தக் கோவத்துலதான் உங்களைக் காட்டிக் குடுத்தேன். நெசம் இதுதான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர், "ஏரியூர் வர்றீங்களா, இல்லீங்களா?" என்று கத்தினார். அவள் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

தூறல் வலுத்தது. கிருஷ்ணப்பன் அவள் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, அவள் தலைக்குமேல் பிடித்தான். அவன் பாதி நனைந்தான்.

"இதையும் ஊரு முன்னாடி சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

"என் பங்குக்கு நான் சொல்லிட்டேன்" என்றாள் மாது, நிமிர்ந்து. "மொரப்பூர்ல எங்கப்பா இருக்காரு. அவரு முன்னாடி நீங்க சொல்லுங்க."

"என்னைக்கு வரட்டும்?"

"உங்களுக்கு எப்ப லீவு கெடைக்கும்?"

"லீவு எதுக்குங்க? பகல்ல ஓய்வுதானே" என்றான் கிருஷ்ணப்பன். "நாளைக்கே வர்றேன்."